வீட்டில் இணையம்: பிள்ளைகளைக் கண்காணிப்பது எவ்வாறு?

2023-ஆம் ஆண்டின் கோடைக்காலம். புனே நகரிலுள்ள கிளையொன்றில் நான் மேலாளராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில், கிளை திறந்த சிறிது நேரத்திற்கெல்லாம், நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் பாஸ்புக்கும் கையுமாக என் அறைக்குள் வந்தார். தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். தமிழ் பேசும் மேலாளர் என்பதால் என்னிடம் சற்று உரிமையோடு பழகுபவர். வீட்டுக்கடன் தவணையை ஒரு மாதமும் தவறவிட்டறியாதவர். அம்மாதத் தவணை மட்டும் கணக்கில் போதிய இருப்பு இல்லாமையால் திரும்பியிருந்தது.

"சம்பளம் வந்து பத்து நாள்தான் ஆகிறது சார். பணம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை" என்றார்.

கணக்கு விவரத்தை அச்சிட்டு இருவரும் பார்த்தோம். ஏழு வாரங்களில் அறுபதுக்கும் மேற்பட்ட பற்றுகள். பெரும்பாலானவை 80 ரூபாய், 160 ரூபாய், 400 ரூபாய் என்னும் சிறு தொகைகள். கைப்பேசி விளையாட்டொன்றுக்குள் வைரங்களும் உடைகளும் வாங்கிய வகையில் சென்றவை. கடைசி மூன்று வாரங்களில் 1,500, 4,000, 6,000, 9,000 என நான்கு தொகைகள் முன்பின் தெரியாத ஒரு தனிநபரின் கணக்குக்குச் சென்றிருந்தன. அனைத்தும் அவருடைய கைப்பேசியிலிருந்தே, அவருடைய யு.பி.ஐ. ரகசிய எண்ணைச் சரியாகப் பதிந்தே நடந்தவை.

அன்று பிற்பகல் அவர் தம் மகனை அழைத்து வந்தார். எட்டாம் வகுப்பு மாணவன். ரகசிய எண்ணை அவன் திருடவில்லை. தெருமுனைக் கடையில் பால் வாங்கி வருவதற்காகத் தந்தையே கைப்பேசியைக் கொடுத்து எண்ணையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். பால் வாங்கப் பயன்பட்ட எண், சில நாட்களில் வைரம் வாங்கவும் பயன்பட்டது. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளை அவன் உடனுக்குடன் அழித்துவிட்டான். இடையில், விளையாட்டுக்குள் குரல்வழி உரையாடிய ஒருவன், அரிய உடைகள் நிறைந்த தன் கணக்கை 1,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னான். பணம் சென்றது, கணக்கு வரவில்லை. மறுநாள் அதே ஆள், "இன்னும் 4,000 அனுப்பு, இல்லாவிட்டால் உன் அப்பாவுக்கே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டத் தொடங்கினான்.

"முதல் தடவை மிரட்டினபோதே அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே தம்பி?" என்று கேட்டேன்.

பையன் தந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. "கேம் ஆடறதைப் பார்த்தா போனை உடைச்சிருவேன்னு அப்பா சொல்லியிருக்காங்க அங்கிள்" என்றான்.

அத்தந்தை பிள்ளையைக் கவனியாதவர் அல்லர். ஒவ்வோர் இரவும் கைப்பேசியை வாங்கி, எந்தெந்த இணையதளங்கள் திறக்கப்பட்டன, யாரிடமிருந்து செய்தி வந்தது என்றெல்லாம் புரட்டிப் பார்ப்பவர். கண்டிப்பான கண்காணிப்பு என்று நம்மில் பலர் கருதுவது அதனைத்தான். ஆயினும் அந்த மோசடிக்காரனுக்கு எந்தத் தொழில்நுட்பத் திறமையும் தேவைப்படவில்லை. அவன் கையிலிருந்த ஒரே கருவி தந்தையின் கோபம். அதைக் காட்டியே 19,000 ரூபாயை மேலும் கறந்துவிட்டான்.

பிள்ளைகளின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பது பற்றி எழுத அமரும்போதெல்லாம் எனக்கு அந்த நான்கு பற்றுகளே நினைவுக்கு வருகின்றன. எந்தக் கண்காணிப்பு முறையை மேற்கொண்டாலும் அதனை ஒரு கேள்வியால் அளந்து பார்க்க வேண்டும்: தவறு நேர்ந்த அன்று மாலையே பிள்ளை நம்மிடம் வந்து சொல்லுமா? சொல்லாது எனில், அம்முறை நம்மைக் காட்டிலும் மோசடிக்காரனுக்கே அதிகம் பயன்படும்.

ஒரே கருவியில் பணப்பையும் விளையாட்டும்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்கென்று கைப்பேசி பிள்ளைகளின் கைக்குச் சென்றது. பள்ளிகள் திறந்த பின்பும் பல வீடுகளில் அது முழுமையாகத் திரும்பி வரவில்லை. வீட்டில் தனிக் கைப்பேசி இல்லாத பிள்ளை தந்தையினுடையதையோ தாயினுடையதையோ பயன்படுத்துகிறது. வங்கிச் செயலி, யு.பி.ஐ., ஒருமுறைக் கடவுச்சொல் வரும் குறுஞ்செய்திப் பெட்டி, மின்னஞ்சல் ஆகிய அனைத்தும் அதிலேயே இருக்கின்றன. பணப்பையைப் பிள்ளையின் கையில் கொடுத்து அதனுள் இருக்கும் பொம்மையுடன் மட்டும் விளையாடு என்று சொல்வதற்கு இது நிகர். ஆகவே பிள்ளையைக் கண்காணிப்பதற்கு முன்னர் கருவியைச் சீர்செய்தல் வேண்டும். இது ஒரு மாலைப்பொழுதில் முடியக்கூடிய வேலை.

முதலில் கைரேகை. அடிக்கடி வந்து பூட்டைத் திறக்கச் சொல்வது தொல்லையாக இருக்கிறதென்று, பிள்ளையின் விரலையும் தம் கைப்பேசியில் பதிந்துவைத்திருக்கும் பெற்றோர் பலர். கைரேகையால் திறக்கும் வங்கிச் செயலி, கைப்பேசியில் பதிவாகியிருக்கும் விரல் யாருடையது என்று ஆராய்வதில்லை. 2025 அக்டோபரில், ரகசிய எண்ணுக்கு மாற்றாகக் கைரேகையையோ முகத்தையோ கொண்டு யு.பி.ஐ. வழியாகப் பணம் செலுத்தும் வசதியும் அறிமுகமாயிற்று. எனவே அமைப்புகள் பகுதிக்குச் சென்று, பதிவாகியுள்ள விரல்கள் எத்தனை என்று இன்றே எண்ணிப் பாருங்கள். உங்களுடையவை அல்லாதவற்றை நீக்கிவிடுங்கள்.

அடுத்தது ரகசிய எண். பிள்ளைக்குத் தெரிந்த எண்ணை மாற்றிவிட வேண்டும். கடைக்கு அனுப்புவதாயின் ரொக்கமாகக் கொடுத்தனுப்பலாம். பத்து ரூபாய்த் தாள்கள் இன்னும் செல்லுபடியாகத்தான் செய்கின்றன. மீதிச் சில்லறையை எண்ணி வாங்கவும் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

ரகசிய எண்ணை மாற்றியதோடு கவலை தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது. யு.பி.ஐ. லைட் என்னும் சிறுதொகைப் பையில் இருக்கும் பணத்தைச் செலவிட ரகசிய எண்ணே தேவையில்லை. ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் இதன் வரம்புகளை உயர்த்தியது: ஒரு பரிமாற்றத்துக்கு 1,000 ரூபாய், பையின் மொத்த இருப்பு 5,000 ரூபாய் வரை. இருப்பு குறைந்தவுடன் தானாகவே நிரப்பிக்கொள்ளும் வசதியும் உண்டு. பிள்ளைகள் கையாளும் கைப்பேசியில் அத்தானியங்கி நிரப்பலை நிறுத்திவைப்பதே நலம்.

ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பற்றியும் ஒரு சொல். அட்டையால் இணையத்தில் பணம் செலுத்தும்போது அது இரண்டாவது பூட்டாக அமைகிறது என்பது உண்மை. ஆனால் இரண்டாவது பூட்டின் சாவி, பிள்ளையின் கையிலிருக்கும் அதே கருவிக்கே வந்து சேருகிறது. பூட்டிய திரையின்மேல் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தோன்றாதவாறு அமைத்துக்கொள்ளலாம். பரிமாற்ற அறிவிப்புகளைக் குறுஞ்செய்தியாக மட்டுமன்றி மின்னஞ்சலாகவும் பெறுமாறு வங்கியில் பதிவு செய்து, அம்மின்னஞ்சலை வேறொரு கருவியில் பார்த்து வருவது இன்னும் சிறந்தது. புனே வாடிக்கையாளரின் வீட்டில் அழிக்கப்பட்ட அறுபது குறுஞ்செய்திகளும் இரண்டாவது வழியில் வந்திருந்தால், முதல் வாரத்திலேயே செய்தி தெரிந்திருக்கும்.

கூகுள் பிளே தளத்தில், ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்குமாறு அமைக்க முடியும். ஒருமுறை கொடுத்தால் அரைமணி நேரத்துக்குப் போதும் என்னும் தெரிவும் அங்கே உண்டு. அதனைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். விளையாட்டுகளுக்குள் பொருள் வாங்கும் ஆசை அந்த அரைமணி நேரத்தில்தான் பெருகும். ஐபோன் குடும்பங்களில், பிள்ளை எதை வாங்க முற்பட்டாலும் பெற்றோரின் கருவிக்கு அனுமதி வேண்டிச் செய்தி வருமாறு செய்யலாம். 'ஆஸ்க் டு பை' என்பது அவ்வசதியின் பெயர்.

சந்தாக்கள் அரவமின்றிப் பணத்தை உறிஞ்சுபவை. முதல் வாரம் இலவசம் என்று அழைக்கும் செயலியில் பிள்ளை ஒருமுறை சம்மதம் கொடுத்துவிட்டால், அதன்பின் மாதந்தோறும் கணக்கில் பற்று விழும். ரிசர்வ் வங்கியின் மின்னணு ஒப்புதல் விதிகளின்படி, முதல் பதிவுக்குக் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். அதன்பின் பொதுவாக 15,000 ரூபாய் வரையிலான தவணைகளுக்கு ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பு கேட்கப்படுவதில்லை. ஆனால் பற்று விழுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். அவ்வறிவிப்பை விளம்பரம் என்று எண்ணித் தள்ளிவிடுபவர்களே அதிகம். உங்கள் யு.பி.ஐ. செயலியில் தானியங்கிப் பட்டுவாடாக்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை அதனைத் திறந்து பார்த்து, அறியாத பெயர் தென்பட்டால் நீக்கிவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. சம்பளமோ ஓய்வூதியமோ வரும் கணக்கை யு.பி.ஐ.யுடன் இணைக்காமல், சிறு இருப்புடன் தனியொரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி அதனை மட்டும் இணைத்தல். என் சொந்த வீட்டில் இதைத்தான் செய்திருக்கிறேன். வாரம் ஒருமுறை அக்கணக்குக்குப் பணம் மாற்றுவது சற்றுத் தொல்லைதான். ஆனால் எந்தத் தவறு நேர்ந்தாலும் இழப்பு அந்த இருப்புக்குமேல் போகாது. கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கோ 2024-இல் அறிமுகமான யு.பி.ஐ. சர்க்கிள் பொருந்தும். பிள்ளை கேட்கும் ஒவ்வொரு செலவுக்கும் பெற்றோர் தம் ரகசிய எண்ணைப் பதிந்து ஒப்புதல் அளிக்கும் வகையும், மாதத்துக்கு 15,000 ரூபாய்க்கு மிகாத வரம்புக்குள் பிள்ளையே செலவிடும் வகையும் அதில் உள்ளன.

தொழில்நுட்பத் தடுப்புகள்

மிகச் சிறு குழந்தைகளுக்குக் கண்காணிப்பு என்பதே வேண்டியதில்லை. திரையே வேண்டியதில்லை என்பதுதான் மருத்துவர்களின் கருத்து. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்கிறது. சோறூட்டக் கைப்பேசி காட்டும் வழக்கம் எளிதில் நுழைந்து, கடினமாகவே வெளியேறுகிறது.

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, கட்டணமின்றிக் கிடைக்கும் இரண்டு கருவிகள் போதும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க். ஐபோன், ஐபேடு ஆகியவற்றுக்கு அவற்றிலேயே அமைந்துள்ள ஸ்கிரீன் டைம். பிள்ளை புதிய செயலியை நிறுவ முற்படும்போது ஒப்புதல் கேட்பது, நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் என்று வரையறுப்பது, உறங்கும் நேரத்தில் திரையைப் பூட்டுவது ஆகிய மூன்றையும் இரண்டும் செய்யும். இவை பிள்ளைக்கெனத் தனிக் கருவி இருக்கும் வீடுகளுக்கு உகந்தவை. பெற்றோரின் கைப்பேசியே பொதுவாக இருக்கும் வீடுகளில், பல ஆண்ட்ராய்டு கருவிகளில் கிடைக்கும் விருந்தினர் கணக்கைத் திறந்து கொடுக்கலாம். அல்லது ஒரே செயலியைத் திரையில் நிலைநிறுத்தி, பூட்டு எண் இன்றி அதிலிருந்து வெளியேற முடியாதவாறு செய்து கொடுக்கலாம்.

யூடியூபைப் பொறுத்தவரை, சிறு பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸ் செயலி. சற்று வளர்ந்தோருக்குப் பெற்றோர் மேற்பார்வையில் இயங்கும் கணக்கு. பின்னதில் காணொளிகளின் தன்மையை மூன்று நிலைகளில் ஒன்றாக வரையறுக்கலாம். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். அந்தச் சிறு பொத்தான் மட்டுமே பல வீடுகளில் அரைமணி நேரத்தை மீட்டுத் தரும்.

வீட்டில் வைஃபை இருந்தால், அதன் ரூட்டரிலேயே ஆபாசத் தளங்களைத் தடுத்துவிட முடியும். ரூட்டரின் டி.என்.எஸ். முகவரியாக 1.1.1.3 என்பதைப் பதிந்தால், கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் குடும்ப வடிகட்டி இயங்கத் தொடங்கும். தீங்கு விளைக்கும் தளங்களும் வயதுவந்தோருக்கான தளங்களும் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் திறவா. இதற்குக் கட்டணம் இல்லை. இணைய இணைப்பைப் பொருத்த வரும் பணியாளரிடம் சொன்னால் சில நிமிடங்களில் செய்து கொடுப்பார்.

எனினும் இவற்றின் எல்லையை அறிந்திருத்தல் அவசியம். கைப்பேசியின் சொந்த சிம் கார்டு வழியாகச் செல்லும் இணையத்தை ரூட்டர் தடுக்காது. பக்கத்து வீட்டு நண்பனின் கைப்பேசியில் நம் தடுப்பு எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வடிகட்டிகள் தளத்தின் முகவரியைத்தான் பார்க்கின்றன. அனுமதிக்கப்பட்ட விளையாட்டுக்குள் பேசும் அந்நியனின் குரலை அவை கேட்பதில்லை. பல விளையாட்டுகளில் குரல்வழி உரையாடலை நிறுத்தவோ நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கவோ இயலும். அவ்வமைப்பு அந்தந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கும். பெற்றோர் அதனைத் தேடிப் பார்ப்பதற்காகவேனும் ஒருநாள் பிள்ளையோடு அமர்ந்து அவ்விளையாட்டை ஆடிப் பார்க்க வேண்டும். நான் ஆடியிருக்கிறேன். மூன்று நிமிடத்தில் தோற்றேன். ஆனால் வைரம் எதற்கு, உடை எதற்கு, அதை வாங்காத பையனை மற்றவர்கள் எப்படிக் கேலி செய்கிறார்கள் என்பதெல்லாம் அந்த மூன்று நிமிடத்தில் விளங்கியது.

மேற்சொன்ன கருவிகள் பலவற்றை நாமே செயலிழக்கச் செய்துவிடுகிறோம் என்பது வருந்தத்தக்கது. கணக்குத் தொடங்கும்போது வயது போதவில்லை என்று வந்தால், பிள்ளையின் பிறந்த ஆண்டை மாற்றிப் பதிந்து கொடுப்பவர் பெரும்பாலும் பெற்றோரே. இன்ஸ்டாகிராம் 2025-இல் இந்தியாவில் பதின்வயதினருக்கெனக் கட்டுப்பாடுகள் மிகுந்த கணக்குகளைக் கொண்டுவந்தது. 16 வயதுக்குட்பட்டோர் அக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி தேவை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இருபது வயதினனாகப் பதிந்துவிட்டால், இந்தப் பாதுகாப்பு அவனை எட்டாது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கவனிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் பொதுவாகத் தடை செய்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. பொய் வயது இச்சட்டத்தையும் வெறும் எழுத்தாக்கிவிடும்.

ஒளிந்து பார்த்தலும் உடனிருந்து பார்த்தலும்

பிள்ளைக்குத் தெரியாமல் அதன் செய்திகளையெல்லாம் படிக்கலாம் என்று விளம்பரம் செய்யும் உளவுச் செயலிகள் உள்ளன. வங்கியாளன் என்ற முறையில் இவற்றைக் கடுமையாக எச்சரிக்க வேண்டியவனாக இருக்கிறேன். இத்தகைய செயலிகளிற் பல, கூகுள் பிளே தளத்துக்கு வெளியிலிருந்து கோப்பாக இறக்கி நிறுவப்படுபவை. குறுஞ்செய்திகளைப் படிக்கவும் திரையைக் காணவும் அனுமதி கேட்பவை. பிள்ளையின் செய்தியைப் படிக்கும் அதே அனுமதியால், அக்கருவிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் படிக்க முடியும். பிள்ளையை உளவு பார்க்கப் போய் வீட்டுச் சாவியை அந்நியரிடம் கொடுத்துவிடலாகாது.

ஒளிந்து பார்ப்பதில் இன்னொரு குறையும் உண்டு. ஒளிந்து கண்டறிந்ததைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடியாது. பேசினால் ஒளிந்து பார்த்தது தெரிந்துவிடும். பிள்ளைக்குத் தெரிந்தபின், அது வேறொரு மறைவிடத்தைத் தேடிக்கொள்ளும். அதற்கு மாறாக, எதை எதைப் பார்ப்போம், ஏன் பார்ப்போம் என்று முன்னரே சொல்லிவிடுவது சாலச் சிறந்தது. "உன் கைப்பேசியில் புதிய செயலி வேண்டுமானால் எனக்குச் செய்தி வரும், எவ்வளவு நேரம் பார்த்தாய் என்பது வாரம் ஒருமுறை நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போம், உன் தோழியரோடு நீ பேசுவதை நான் படிக்க மாட்டேன்" என்று ஒரு தாய் சொன்னால், எல்லை எங்கே என்பது இருவருக்கும் தெரியும். வயது ஏற ஏற அவ்வெல்லையைத் தளர்த்தவும் வேண்டும். பத்து வயதுக்குரிய கட்டுப்பாட்டைப் பதினாறு வயதிலும் நீட்டித்தால் பிள்ளை கற்றுக்கொள்வது ஏமாற்றும் வித்தையை மட்டுமே.

இடமும் ஒரு கண்காணிப்புத்தான். கணினியைக் கூடத்தில் வைப்பதும், இரவில் எல்லாக் கைப்பேசிகளையும் ஓரிடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு உறங்கச் செல்வதும் எந்தச் செயலியையும்விட நன்கு வேலை செய்கின்றன. எல்லா என்பதில் தந்தையின் கைப்பேசியும் அடங்கும். இங்கேதான் பல வீடுகளில் திட்டம் கவிழ்கிறது.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணத்தைப் பந்தயமாக வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை வழங்குவதையும் விளம்பரம் செய்வதையும் அவற்றுக்கான பணப் பரிமாற்றத்துக்கு உதவுவதையும் தடை செய்கிறது. வெல்லலாம் என்று அழைக்கும் செயலி இனி எங்கிருந்து வந்தாலும் சட்டத்துக்கு வெளியேயிருந்து வருகிறது. விளையாட்டுக்குள் உடையும் வைரமும் வாங்குவது அத்தடைக்குள் வாராது, அது வேறு, அதைத் தடுப்பது பெற்றோரின் பொறுப்பே.

தவறு நேர்ந்த வேளையில்

பணம் தவறாகச் சென்றது தெரிந்ததும் முதலில் வங்கியின் அவசர எண்ணை அழைத்து, யு.பி.ஐ.யையும் அட்டையையும் முடக்கச் சொல்ல வேண்டும். உடனே 1930 என்னும் தேசிய எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். மோசடிப் பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, இறுதியில் ரொக்கமாக வெளியேறிவிடும். அது ஏதேனும் ஒரு கணக்கில் இருக்கும்போதே புகார் எட்டினால், அங்கேயே நிறுத்திவைக்க இயலும். புனேயில் நாங்களும் அன்றே புகார் பதிந்தோம். ஆனால் முதல் மிரட்டல் நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அக்கணக்கில் எஞ்சியிருந்தது சில நூறு ரூபாயே.

பொறுப்பு யாருடையது என்பதிலும் காலமே முக்கியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை இதனை வகுத்துரைத்தது. வாடிக்கையாளரின் தவறோ வங்கியின் தவறோ இன்றி நேர்ந்த மோசடியை மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பு இல்லை. ரகசிய எண்ணைப் பகிர்ந்தது போன்ற கவனக்குறைவால் நேர்ந்ததாயின், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான முழு இழப்பும் அவருடையது. தெரிவித்த பின் நேர்வது வங்கியுடையது. மகனிடம் எண்ணைச் சொல்லிக்கொடுத்த தந்தை எந்த வகையில் வருவார் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். அதை அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என் பணிக்காலத்தில் நான் விரும்பாத வேலைகளில் ஒன்று.

பணத்தைவிடக் கொடிய மிரட்டல்களும் உண்டு. பிள்ளையின் புகைப்படத்தைப் பெற்றுக்கொண்டோ, முகத்தை மட்டும் எடுத்து ஆபாசப் படத்தோடு ஒட்டியோ மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. கொடுத்தால் அடுத்த கோரிக்கை பெரிதாக வரும் என்பதை மேற்கண்ட நான்கு தொகைகளே காட்டும். உரையாடலை அழிக்காமல் திரைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதன்பின் அந்த ஆளைத் தடை செய்யுங்கள். காவல் நிலையத்திலும் சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் அளியுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும் உண்டு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் பார்வையில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை பாதிக்கப்பட்டவரே. தானே படத்தை அனுப்பிவிட்டோமே என்று அஞ்சி ஒடுங்கும் பிள்ளைக்கு இதனை முதலில் சொல்ல வேண்டும். படம் இணையத்தில் பரவாமல் தடுக்க, அமெரிக்காவின் காணாமற்போன குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' என்னும் இலவசச் சேவை உதவும். படத்தை எவரிடமும் ஒப்படைக்காமலே, அதன் எண்மக் கைரேகையை மட்டும் பதிந்து, பங்கேற்கும் தளங்களிலிருந்து அகற்றக் கோரலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாகப் பிள்ளை வாய் திறந்தாக வேண்டும். எனவே நல்ல நாளிலேயே ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்: இணையத்தில் எது நேர்ந்தாலும், தவறு உன்னுடையதாகவே இருந்தாலும், அன்றே சொன்னால் கைப்பேசி பறிக்கப்படாது; திட்டும் இராது. சொன்ன சொல்லை அந்நாளில் காப்பாற்றுவது எளிதன்று. 9,000 ரூபாய் போயிற்று என்று கேட்டதும் கை ஓங்காதிருக்கப் பெரும் பொறுமை வேண்டும். ஓங்கிவிட்டால், அடுத்த முறை அச்செய்தி வங்கியின் கணக்கு விவரத்தின் வழியாகவே வந்து சேரும்.

பிள்ளைக்கென ஒரு கணக்கு

பணத்தை மறைப்பதைவிடப் பழக்குவது நலம் என்பது என் கருத்து. பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் தாமே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம். 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட திருத்திய வழிகாட்டுதல் இதனை உறுதி செய்கிறது. தொகை வரம்பையும், பற்று அட்டை, இணைய வங்கிச் சேவை போன்ற வசதிகள் உண்டா என்பதையும் அந்தந்த வங்கி தீர்மானிக்கும். இருப்புக்கு மேல் எடுக்க இடமில்லை. மாதம் ஒருமுறை பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து அமர்ந்து அக்கணக்கின் பற்றுகளைப் படித்தால், 80 ரூபாய் பத்து முறை சேர்ந்து என்னவாகிறது என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.

கணக்கு கிடைத்ததும் ஓர் ஆபத்தும் உடன் வருகிறது. உன் கணக்குக்குப் பணம் வரும், அதை நான் சொல்லும் இடத்துக்கு அனுப்பினால் தரகு தருகிறேன் என்று மாணவர்களை அணுகுபவர்கள் இருக்கிறார்கள். வருவது வேறொருவரை ஏமாற்றிய பணம். காவல்துறை தேடி வரும்போது, ஏட்டில் இருப்பது கணக்கு வைத்திருப்பவரின் பெயர்தான். கணக்கையும் அட்டையையும் சிம் கார்டையும் எவருக்கும் ஒருநாளும் இரவல் தரலாகாது என்பதைக் கணக்கு தொடங்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

அந்தப் புனே வாடிக்கையாளர் இரண்டு மாதம் கழித்து மகனுடன் மீண்டும் வந்தார். பையன் பெயரில் கணக்கு தொடங்கினோம். முதல் வைப்பு 500 ரூபாய். மாதிரிக் கையொப்பத்தை மூன்று முறையும் மூன்று விதமாக இட்டுவிட்டு, எது சரி என்று என்னைக் கேட்டான். எளிதாக இருப்பதை வைத்துக்கொள் என்றேன். பதினெட்டு வயது நிறையும்போது வங்கி அவனிடமிருந்து புதிய கையொப்பத்தையும் கணக்கை இயக்குவதற்கான புதிய அறிவுறுத்தலையும் பெற வேண்டும்; அதற்காக அவன் மறுபடியும் கிளைக்கு வர வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லி அனுப்பினேன்.